கவராய மோதிரம்

நம் வயதுக்காரர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாம் பாவாடை சட்டையில் திரிந்த காலத்தில் நம் வீட்டு ஆண்கள் என்ன மோதிரம் போட்டிருந்தார்கள்? ஒற்றை வைரம், பெயரின் முதலெழுத்து, முருகனின் வேல். பர்மாவிலிருந்து வந்தவர்கள் என்றால் சிவப்புக் கல். அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் சொல்வது எங்கள் வழக்கம்; எங்கள் அப்பச்சியின் மோதிரத்தில் இது எதுவும் கிடையாது. ஒரு கவராயமும் ஒரு மூலைமட்டமும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. பள்ளிக்கூடத்தில் வட்டம் போடுவோமே, அந்தக் கவராயம். சுவரின் மூலை சரியாக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, அந்த மூலைமட்டம்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எழுதியும் பழக்கமில்லை. பேச வேண்டிய ஒரு நாளில் பேசாமல் இருந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இத்தனை காலம் கழித்துப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

அப்பச்சி ரங்கூனிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அறுபதுகளின் நடுப்பகுதி. ஆத்தாவும், ஆச்சி என்று நான் கூப்பிடும் அக்காவும், நானும் காரைக்குடியிலேயே இருந்தோம். அதுவரை எனக்கு அப்பச்சி என்றால் நீலக் காகிதத்தில் வரும் கடிதம்தான். திடீரென்று அந்தக் கடிதத்துக்கு உயரமும் இருமலும் வந்துவிட்டன. ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, உடுத்திய துணி. அவ்வளவுதான் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தால் கற்பூரமும் ஈரத் தேக்கும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்காகவே நான் பெட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அதே கப்பலில் அவருடைய தங்கை, எங்கள் அயித்தையும் மாமாவும் வந்தார்கள். அவர்கள் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அயித்தை மகனுக்குத்தான் எங்கள் ஆச்சி என்று முன்பே பேச்சு. அவர் இங்கேயே படித்து ஒரு பாங்கில் வேலையாக இருந்தார். ஆச்சிக்கும் அதில் விருப்பம்தான். அவர் பெயரை யாராவது சொன்னால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடுவாள்.

ரங்கூன் துறைமுகத்தில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். புறப்படுகிறவர்களை ஒரு மேசைக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்து, உடம்பில் இருந்த தங்கத்தையெல்லாம் பர்மா அரசாங்கத்து ஆட்கள் வாங்கிக்கொண்டார்களாம். அயித்தை தன் கழுத்துருவைச் சேலைக்குள் மறைத்துப் போட்டிருந்தாள். கல்யாணத்தில் பூட்டிய பெரிய தங்கத் தாலி அது. அதையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் அடுத்து அப்பச்சி. மேசையில் இருந்த அதிகாரி அவருடைய தங்க மோதிரத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எழுந்து நின்று கையைக் குலுக்கினார். மோதிரத்தைக் கேட்கவே இல்லை.

ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் மாமா போய்விட்டார். நெஞ்சு வலி என்றார் டாக்டர். அயித்தை அப்படிச் சொல்லவில்லை.

"எங் கழுத்துல கைய வச்ச அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருச்சு. இங்க வந்து செத்ததுதான் பாக்கி" என்பாள். அடுத்து குரலைத் தாழ்த்தாமலே, "எங்க அண்ணன் மோதிரம் மட்டும் பத்திரமா வந்துச்சுல்ல!" என்பாள்.

அப்பச்சி அதற்குப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

மோதிரத்தோடு ஒரு பின்னும் இருந்தது. துவரம்பருப்பு அளவுக்கு நீல எனாமல் வைத்த சின்னப் பின். அதே கவராயம், அதே மூலைமட்டம். கோட்டின் மடிப்பில் இடப்பக்கம் குத்துவதாம். காரைக்குடி வெயிலில் யார் கோட்டுப் போடுகிறார்கள்? அப்பச்சி அதை ஜிப்பாப் பையின் உள்பக்கம் குத்தியிருப்பார். சலவைக்குப் போடும் நாளில் ஆத்தா மறக்காமல் கழற்றி அடுத்த ஜிப்பாவில் மாட்டுவாள்.

"வெளியில தெரியிற மாதிரி குத்தலாம்ல அப்பச்சி?" என்று ஒருநாள் கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"தெரிய வேண்டியவுகளுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். பிறகு விரலை நீட்டினார். "இந்தா பாரு. கவராயத்து முனை எங்குட்டுப் பாக்குது?"

"ஒங்களப் பாக்குது."

"எதிராளியப் பாக்கிற மாதிரியும் போடலாம். நான் இப்படிப் போட்டுருக்கேன். மத்தவுகளுக்குக் காட்டுறதுக்கு இல்ல, எனக்கு ஞாபகப்படுத்துறதுக்கு. மூலைமட்டம்னா நேரா இருக்கணும். கவராயம்னா ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள நிக்கணும். ஆசை அதைத் தாண்டக் கூடாது."

எனக்குப் பாதிதான் புரிந்தது. மோதிரத்தைக் கழற்றித் தரச் சொன்னேன். கழலாது என்றார். இருபது வருடத்தில் விரல் பருத்து மோதிரம் உள்ளே உட்கார்ந்துவிட்டது.

ஆச்சி கல்யாணம் எங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும். இரண்டாம் கட்டுச் சுவர் அந்த வருட மழையில் பெயர்ந்திருந்தது. கல்லல் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். வீடு முழுக்கச் சுண்ணாம்பும் கடுக்காயும் ஊறிய வாடை. சாந்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள்; உடைத்த ஓடுகளை எண்ணி எடுத்துப் போடுவது என் வேலை. கொத்தனார் மூன்றாம் நாளே அப்பச்சியின் விரலைக் கவனித்துவிட்டார்.

"என்னங்க, எஞ் சாமானைப் போயி மோதிரத்துல போட்டிருக்கீக?"

"ஒங்க தொழில்லேருந்து எடுத்துக்கிட்டதுதான். அங்க ஒரு சங்கம் இருந்துச்சு. அதுல உள்ளவுக போட்டுக்கிற அடையாளம்."

"கொத்தனாரு சங்கமா? ரங்கூன்ல செட்டியாருமாருகளும் சுவரு கட்டுனீகளா?"

அப்பச்சி சிரித்ததை அன்றுதான் சத்தமாகக் கேட்டேன். "சுவரு இல்ல. ஒவ்வொருத்தரும் தன்னைச் சரியாக் கட்டிக்கிடணும்னு ஒரு எண்ணம்."

"நாள் கூலி என்னங்க?"

"கூலி கெடையாது. நாமதான் சந்தா கட்டணும்."

"அட போங்க, அது நமக்கு ஒத்து வராது!" என்று கொத்தனார் கரண்டியை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார். ஆனால் அன்றிலிருந்து மூலைமட்டத்தைச் சுவரில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம், "செட்டியாரே, சரியா இருக்கா, வந்து பாருங்க" என்று கூப்பிடுவார். அப்பச்சியும் போய்ப் பார்ப்பார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனிதருக்கு அந்தச் சில நாட்கள் சந்தோஷமாக இருந்தன என்று இப்போது தோன்றுகிறது.

சுவர் முடியும் முன்பு அயித்தை நாள் பேச வந்தாள். வெள்ளைச் சேலையில் வளவில், உள்முற்றத்துத் தூணோரம் உட்கார்ந்தாள். ஆத்தா கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"அண்ணே, பொண்ணக் குடுங்க. சீரு ஒண்ணும் நான் கேக்கல. கட்டுன சேலையோட அனுப்புங்க, கண்ணுக்குள்ள வச்சுக்கிறேன். அந்த மோதிரத்த மட்டும் எடுத்துருங்க."

"இது கழலாதும்மா."

"வெரல்லேருந்தா, மனசுலேருந்தா?"

அப்பச்சி கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"எம் புருஷன் பாக்கப் பாக்க எந் தாலிய வாங்கி மேசையில போட்டான். பின்னாலேயே வந்து நீங்க அவங் கையப் புடிச்சுக் குலுக்குனீக. ஒங்க கூட்டத்து ஆளுதான அவன்? ஒரு வார்த்த கேட்டீகளா எனக்காக? அந்த மோதிரத்த மாட்டிக்கிட்டு நீங்க நின்னு தார வாத்துக் குடுக்க, எம் மகன் குனிஞ்சு வாங்கணுமா?"

"வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லுங்களேன்" என்றாள் ஆத்தா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அப்பச்சி.

அயித்தை எழுந்தாள். போகும்போது என்னையும் ஆச்சியையும் பார்த்து, "ஒங்க அப்பச்சி ஏன் பேச மாட்டேங்கிறாரு தெரியுமா? அவுக கூடுற எடத்துக்குத் தலைவெட்டிக் கோயில்னு பேரு. உள்ள நடந்தத வெளிய சொன்னா தலைய எடுத்துருவாகளாம்" என்றாள்.

கோபத்தில் சொன்ன வார்த்தை. அந்தக் காலத்தில் பல ஊர்களில் அப்படிப் பேசிக்கொண்டதுதான். அந்தச் சங்கத்தில் எல்லா மதத்துக்காரரும் உண்டு, அவரவர் சாமியை நினைத்து உறுதி சொல்லிச் சேர்வார்கள், ஒருவர் கஷ்டத்துக்கு இன்னொருவர் நிற்பார்கள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது தலை மட்டும்தான். அப்பச்சி முகம் மழிக்கும்போது அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு பிற்பகலில், அப்பச்சி கோவிலூருக்குப் போயிருந்தார். ஆத்தாவும் ஆச்சியும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் கொத்தனாரும்தான். வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு பாய் வாசலில் வந்து நின்றார்.

"அப்பச்சி இருக்காகளா தாயி? ரங்கூன்ல கூட இருந்தவன்னு சொல்லு."

இல்லை என்று தலையாட்டினேன். தண்ணீர் கொடுத்தேன். செம்பை வாங்கிய கையில் அதே மோதிரம். வெள்ளியில் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒங்க அப்பச்சியது தங்கம். என்னுது வெள்ளி. வெள்ளிங்கிறதால துறைமுகத்துல அதை யாரும் திரும்பிப் பாக்கல, எங் கையக் குலுக்கவும் இல்ல." செம்பைக் கீழே வைத்தார். "ஒங்க அயித்தை சௌக்கியமா?"

"மாமா செத்துப் போயிட்டாக."

அவர் முகப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல் பேசினார்.

"அன்னைக்கு வரிசையில நான் ஒங்க அப்பச்சிக்குப் பின்னாடி நின்னேன் தாயி. அந்த அதிகாரி எங்க சங்கத்து ஆளு. கையக் குலுக்குனதும் ஒங்க அப்பச்சி, தள்ளிப் போயிருந்த ஒங்க அயித்தைக்குக் கேக்காம, என்ன சொன்னாரு தெரியுமா? 'அந்தம்மா கழுத்துருவக் குடுத்துருங்க. அதுக்குப் பதிலா இந்த மோதிரத்தை எடுத்துக்கங்க. கழலாட்டி வெரலோட எடுத்துக்கங்க.' அப்படியே சொன்னாரு. எங் காதால கேட்டேன். அவன் கண்ணுல தண்ணி வந்துருச்சு. 'அது நோட்டுல ஏறிருச்சு சகோதரரே, எங் கையில இல்ல. ஒங்களுத மட்டும் எழுத எனக்குக் கை வரல'ன்னான்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கப்பல்ல ஒங்க அப்பச்சி மூணு நாளு சாப்பிடல. 'வேலையில இருக்கிறவனக் கடமை தவறச் சொல்லிக் கேட்டுட்டேன், அந்த மோதிரத்த வச்சுக்கிட்டுக் கேட்டுட்டேன்'னு. கேட்டது தப்பு, கேட்டும் கெடைக்கல. ரெண்டு வெக்கம் அவருக்கு. நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிறாத தாயி. அவருக்குப் புடிக்காது."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

அப்பச்சி வந்ததும், ஒரு பாய் வந்தாக என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "என்ன சொன்னாரு?" என்றார்.

"ஒண்ணும் சொல்லல."

அடுத்த நாள் ஆத்தா என்னிடம் ஒரு தூக்குவாளியில் மாவுருண்டை கொடுத்து அயித்தை வீட்டுக்கு அனுப்பினாள். இப்படிப் பலகாரம் அனுப்பியாவது மனம் இளகாதா என்று பார்த்தாள். அயித்தை வளவில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தூக்கை வாங்கி வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பச்சை மொச்சை வாசனை. அவளுடைய வெறும் கழுத்தில், தாலிச் சரடு பல வருடம் கிடந்த தடம் இன்னும் மங்கலாக இருந்தது.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். உள்ளே நடந்ததை வெளியே சொன்னால் தலை என்பது நினைவு வந்தது. துறைமுகத்தில் நடந்தது சங்கத்துக்குள்ளே நடந்ததா வெளியே நடந்ததா? எனக்கு எப்படித் தெரியும்? மோதிரம் போட்டவர் சொன்னார், சொல்லாதே என்றும் சொன்னார். யாருடைய தலை போகும்? அப்பச்சியுடையதா, அந்தப் பாயுடையதா?

"என்னமோ சொல்ல வார. என்னடி?" என்றாள் அயித்தை. அன்று அவள் குரல் எவ்வளவு மெதுவாக இருந்தது!

"ஒண்ணும் இல்ல அயித்தை."

ஒரு பிடி மொச்சையை என் பாவாடையில் போட்டு அனுப்பினாள்.

அந்த வாரமே அப்பச்சி நகை செய்யும் ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினார். அதற்கு முன்பு சோப்பும் விளக்கெண்ணெயும் போட்டுப் பார்த்தாயிற்று. நூலைச் சுற்றி இழுத்துப் பார்த்தாயிற்று. விரல்தான் நீலம் பாரித்தது. காலை வெயில் வளவில் விழுந்த நேரம், ஆசாரி மணைப்பலகையில் அப்பச்சியின் கையை வைத்தார். மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகி, சின்ன அரத்தால் ராவ ஆரம்பித்தார்.

ஆச்சி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "வேணாம் அப்பச்சி. எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

"உள்ள போ" என்றார். அதட்டவில்லை. "நீ வேணாம்னு சொல்றது பொய்யி. நான் ஒனக்கு ஒண்ணும் கொண்டாரல. இதாச்சும் இருக்கட்டும்."

அரத்தின் சத்தம் நெடுநேரம் கேட்டது. கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நல்ல மட்டத்த அறுக்குறாகளே" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

நான் அப்போதும் பேசவில்லை. வளவில் பெரியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒரு வாக்கியம் போதும்; ஓடிப் போனால் அயித்தை வீடு இரண்டு தெருதான். தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். மோதிரம் இரண்டாக விலகியது. கீழே இருந்த தோல் வெள்ளையாக, ஒரு குழந்தையின் தோல்போல இருந்தது.

துண்டுகளைக் காகிதத்தில் மடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கோவிலூருக்குப் போய்க் கோயில் உண்டியலில் போட்டார். திரும்பும்போது கட்டைவிரலால் அந்த வெறும் இடத்தைத் தடவிக்கொண்டே வந்தார். "போட்டுருந்தப்ப எப்படி இருந்தேனோ அப்படியே இனிமேயும் இருக்கணும். ஞாபகப்படுத்த ஒண்ணும் இல்லாம இருக்கணும்" என்றார். என்னிடம் சொன்னார் என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அந்தப் பாயும் வந்திருந்தார். அப்பச்சியைப் பார்த்ததும் கை குலுக்கக் கையை நீட்டினார். அப்பச்சி இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். பாயின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அப்பச்சி ஜிப்பாவின் உள்ளே கையை விட்டுப் பின்னைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். "எங்கிட்ட இருக்க வேணாம்" என்றார். பாய் சாப்பிடாமல் போய்விட்டார். அதன் பிறகு அவர் வரவே இல்லை.

ஆச்சியை அயித்தை சொன்னபடியே கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பச்சியும் அயித்தையும் விசேஷங்களில் பார்த்துக்கொள்வார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. அப்பச்சி அதன் பின் ஏழெட்டு வருடம் இருந்தார். எந்தத் தொழிலும் ஒட்டவில்லை. யாராவது புதிதாக வந்தால் வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொள்வார். எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்குக் கல்யாணமான அடுத்த வருடம், தூக்கத்திலேயே போய்விட்டார்.

சாவு வீட்டில் அயித்தை அழவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஆச்சியைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆச்சி பிள்ளையைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். அயித்தை தனியாக இருந்தாள். யார் தலையும் இனிப் போவதற்கில்லை. நான் சொல்லிவிட்டேன். பாய் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே.

அயித்தை என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

சொன்னேன்.

"ஒங்க ஆச்சிகிட்ட இதச் சொல்லிறாத. தெனமும் எம் மொகத்துல முழிக்கணும் அவ."

நான் சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும், அயித்தை எப்படியாவது ஆச்சியை ஏதாவது வேலையாக உள்ளே அனுப்பிவிடுவாள். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அதச் சொல்லு" என்பாள். நானும் சொல்வேன். இருபது வருடத்துக்கு மேல் சொல்லியிருப்பேன். கண் தெரியாமல் போன பிறகும் கேட்டாள். காது மந்தமான பிறகு காதருகே குனிந்து சொன்னேன். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் அதே கேள்வியைக் கேட்பாள்.

"மொதல்ல எதக் கேட்டாரு? அவரு மோதிரத்த விடச் சொல்லியா, எங் கழுத்துருவையா?"

"ஒங்க கழுத்துருவத்தான் அயித்தை. அவரு மோதிரத்த விடச் சொல்லிக் கேக்கவே இல்ல."